சுட்டி நன்றாக இருக்கிறாள்

ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் அத்தானும் நலமா? போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது நான் "ம்" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை என்று வருத்தப்பட்டாயாம். சித்தி சொன்னாள். போன் சித்தப்பாவின் டயர் கடையில் இருக்கிறது. பஞ்சர் ஒட்ட வந்த லாரிக்காரர்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். டயர் கழற்றும்வரை அவர்களுக்கு வேறு வேலை இல்லை, என் வாயையே பார்ப்பார்கள். அதனால்தான் எழுதுகிறேன். எழுத உட்கார்ந்தால் நான் நிறுத்தமாட்டேன் என்று உனக்குத் தெரியும். நீ எனக்கு வைத்த பெயரே அதற்குத்தானே.

விஷயம் இதுதான். சித்தப்பா மந்தையை விற்றுவிடலாம் என்கிறார். நம் ஆடுகள் ரொம்பச் சின்னதாம். போன வாரம் வியாபாரி வந்து குட்டிகளைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அவர் போன பிறகு சித்தப்பா, "இது ஆடா, பெரிய எலியா? ஒரு வருஷம் பாக்கறேன். அடுத்த குட்டிங்க எடை ஏறலன்னா எல்லாத்தையும் வித்துடலாம். நீ கடையில வந்து உக்காரு" என்றார். கடையில் உட்காருவது என்றால் வருகிறவர்களிடமெல்லாம் என்ன வேண்டும் என்று கேட்க வேண்டும். அது என்னால் ஆகாது.

ஆகையால் கிடாவை மாற்றப் போகிறோம். நேற்று சித்தப்பா என்னை ஒரு இனப்பெருக்கப் பண்ணைக்குக் கூட்டிப்போனார். அங்கே மூன்று இனம் இருந்தது. ஒன்று கம்பளி இனம். பார்க்க மெத்தை மாதிரி அழகு. ஆனால் நம் ஆடுகள் மேய்கிற முட்புதருக்குள் அது ஒரு நாள் போனால் அதை நாமே வெட்டித்தான் வெளியே எடுக்க வேண்டும். இரண்டாவது, நெட்டைக்கால் வெள்ளை. நின்றால் என் இடுப்புக்கு மேல் வருகிறது. அதன் குட்டிகள் ஆறு மாதத்தில் நம் பெரிய ஆட்டின் எடைக்கு வந்துவிடுமாம். மூன்றாவது, கறுப்புமுகம். நடுத்தர உயரம், அகலமான முதுகு, சின்னத் தலை. குட்டி பிறக்கும்போது சின்னதாக இருக்கும், பிறகு மெதுவாக எடை ஏறும் என்று பண்ணைக்காரர் இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

எனக்குக் கறுப்புமுகம்தான் பிடித்தது. நம் ஆடுகளின் பின்பக்கம் குறுகல், ஈனும்போது தலை சின்னதாக இருக்கிற குட்டிதான் நல்லது என்று தோன்றியது. சித்தப்பா என்னிடம் திரும்பி, "வெள்ளைதானே?" என்று கேட்டார். பக்கத்தில் நாலு பேர் நின்றிருந்தார்கள். நான் தலையை ஆட்டிவிட்டேன்.

இன்னும் முடிவாகவில்லை. நீ சொன்னால் சித்தப்பா கேட்பார். என்ன செய்யலாம்?

உன் செல்ல ஆடு சுட்டி நன்றாகத் தின்கிறாள். உன் பழைய தாவணியைக் கொட்டிலில் காயப்போட்டிருந்தேன். அதன் ஓரத்தைச் சப்பிச் சப்பி நூலாக்கிவிட்டாள். நீ புட்டிப்பால் கொடுத்துக் கெடுத்து வைத்த பிள்ளை, எதையும் சப்பாமல் அவளுக்கு இருக்க முடியவில்லை.

அன்புடன்,
உன் வாயாடி


ஜூலை 21

என் வாயாடிக்கு,

உன் கடிதத்தை உன் அத்தானுக்கும் வாசித்துக் காட்டினேன். "இவ்வளவு பேசறவளா அவ? கல்யாணத்தன்னிக்கு நான் அவ குரலே கேக்கலையே" என்கிறார்.

நீ சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சித்தப்பா கொடுத்திருப்பது ஒரே வருடம். கறுப்புமுகம் நிதானமாக எடை ஏற்றிக்கொண்டிருந்தால் அதற்குள் வியாபாரி வந்து மந்தையை ஓட்டிக்கொண்டு போய்விடுவான். இந்த ஒரு தடவை வெள்ளையையே எடு. நம் ஆடுகள் எல்லாம் ஏற்கெனவே இரண்டு ஈத்து, மூன்று ஈத்து குட்டி ஈன்றவை. சமாளித்துவிடும்.

சுட்டியை மட்டும் அதன் பக்கம் விடாதே. அவளுக்கு இது முதல் ஈத்து. உடம்பும் இன்னும் நிறையவில்லை. இந்த வருடம் முழுக்க வளரட்டும். பின்பக்கத்து அடைப்பில் தனியாக வை. அவள் கத்துவாள், நீ இரங்கக் கூடாது. உன்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

நான் கிளம்புகிற அன்று சித்தப்பா, "சின்னப் பொண்ணு, அவளால என்ன ஆகும்" என்றபோது, "அவ பாத்துப்பா" என்று சொல்லிவிட்டு வந்தவள் நான். அதை நினைவில் வைத்துக்கொள்.

இங்கே நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு ஜன்னல். எங்கேயும் ஒரு ஆட்டுப்புழுக்கை வாசனை கிடையாது. சொன்னால் சிரிப்பாய், எனக்கு அது இல்லாமல் தூக்கம் வரவில்லை.

அன்புடன்,
அக்கா


ஆகஸ்ட் 16

அன்புள்ள அக்காவுக்கு,

வெள்ளை வந்துவிட்டது. வண்டியிலிருந்து இறங்கும்போதே பலகையை உடைத்துக்கொண்டுதான் இறங்கியது. சித்தப்பா அதைச் சுற்றிச் சுற்றி வருகிறார். டயர் கடைக்கு வருகிறவர்களை எல்லாம் கூட்டிவந்து காட்டுகிறார். தானே பெற்ற மாதிரி ஒரு முகம்.

பண்ணைக்காரர் ஒரு வேலை சொல்லிக்கொடுத்தார். காவிப்பொடியை எண்ணெயில் குழைத்துக் கிடாவின் நெஞ்சில் பூச வேண்டும். அது எந்த ஆட்டுடன் சேர்ந்ததோ அந்த ஆட்டின் இடுப்பில் காவி ஒட்டியிருக்கும். காலையில் கொட்டிலைத் திறந்ததும் யார் யார் சிவப்பு என்று பார்த்து எழுதிக்கொள்கிறேன். குட்டி எப்போது வரும் என்று கணக்குப் போட அது உதவும். மந்தையிலேயே மூத்த ஆடு, நம் கிழவிதான் முதலில் சிவந்தாள். இத்தனை வயதுக்கு அவளுக்கு என்ன அவசரமோ. சித்தப்பா பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு போனார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

சேர வேண்டாத நேரத்தில் அதன் வயிற்றில் ஒரு சாக்குத் துணியைத் தொங்கவிட்டுக் கட்ட வேண்டும். அதைக் கட்டுவதுதான் பெரும்பாடு. குனிந்து அதன் வயிற்றைக் கட்டிப்பிடித்த மாதிரி கயிற்றை அந்தப் பக்கம் வாங்க வேண்டும். அது உதைக்குமோ என்று பயமாக இருக்கிறது.

சுட்டி பின் அடைப்பில் இருக்கிறாள். நீ சொன்னபடியே கத்துகிறாள். தொண்டை கட்டிப்போய்க் கதவு கிறீச்சிடுகிற மாதிரி ஒரு சத்தம்தான் வருகிறது. அப்போதும் விடவில்லை. நான் இரங்கவில்லை. காதில் துணி வைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் வாயாடி


ஆகஸ்ட் 29

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை வாசிக்கும் முன் உட்கார்ந்துகொள்.

சுட்டி மூன்று நாளாகத் தீவனம் தொடவில்லை. தட்டியில் முகத்தைத் தேய்த்துத் தேய்த்து மூக்கெல்லாம் புண். ஒரே ஒரு நாள் மற்ற ஆடுகளோடு மேயட்டும், கிடாவுக்குத்தான் சாக்கு கட்டியிருக்கிறதே என்று திறந்துவிட்டேன். சாக்கைக் கட்டியது நான்தான். உதைக்குமோ என்கிற பயத்தில் கயிற்றை இறுக்கவில்லை. ஒரு முடிச்சுப் போட்டு எழுந்துவிட்டேன்.

சாயங்காலம் ஆடுகளை ஓட்டிவரும்போது சாக்கு ஒரு புதரில் தொங்கியது. சுட்டியின் இடுப்பு சிவப்பாக இருந்தது.

சோப்புப் போட்டுத் தேய்த்தேன். எண்ணெய்க் காவி போகுமா? கழுவக் கழுவப் பரவியதுதான் மிச்சம். கழுவினால் மட்டும் என்ன ஆகப்போகிறது என்று அப்புறம்தான் தோன்றியது. அவள் என் கையை நக்கிக்கொண்டு நின்றாள். அவளுக்குச் சந்தோஷம், இத்தனை நாள் கழித்து வெளியே வந்திருக்கிறாள்.

நீ தெளிவாகத்தான் எழுதியிருந்தாய். இரங்கக் கூடாது என்று எழுதியிருந்தாய். நான்தான்.

சித்தப்பாவிடம் சொல்லவில்லை. என்ன செய்யட்டும்?

உன் தங்கை


செப்டம்பர் 9

என் வாயாடிக்கு,

கோபம் வந்தது. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு ஒரு பானையைப் பளபளவென்று தேய்த்தேன். இப்போது கோபம் இல்லை.

இன்னும் நேரம் இருக்கிறது. ஆட்டுக்குச் சினை நின்ற ஆரம்பத்திலேயே கலைத்துவிட ஊசி இருக்கிறது. நம் மந்தையில் ஒரு தடவை அப்பா போட்டிருக்கிறார், உனக்கு நினைவிருக்காது. கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடம் நடந்ததைச் சொல். "முதல் ஈத்து ஆடு, பெரிய கிடா சேர்ந்துவிட்டது, கலைக்க வேண்டும்" என்று சொன்னால் போதும். அவருக்குப் புரியும். சுட்டிக்கு ஒன்றும் ஆகாது.

நாள் கடத்தாதே. கடிதம் கிடைத்த அன்றே போ.

அக்கா


செப்டம்பர் 24

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்த மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழியெல்லாம் நீ எழுதிய வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். புளியமரத்திடம்கூடச் சொன்னேன். அதனிடம் சரளமாக வந்தது.

அங்கே மாடு பிடித்துக்கொண்டு மூன்று பேர், நாயைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர். எல்லோரும் ஆண்கள். டாக்டர் புதியவர், சின்ன வயது. என் முறை வந்ததும், "என்னம்மா விஷயம்?" என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கலைக்க வேண்டும் என்ற சொல் நாக்கு நுனியில் வந்து நின்றது. அத்தனை ஆண்களுக்கு நடுவில் அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை அக்கா. "புழு மருந்து சார்" என்றேன்.

இரண்டு புட்டி கொடுத்தார். "ஆட்டுக்கு வயித்தால போகுதா?" என்று கேட்டார். அதற்கும் தலையை ஆட்டினேன். இப்போது நம் வீட்டில் யாருக்கும் தேவையில்லாத புழு மருந்து இரண்டு புட்டி இருக்கிறது.

சிரிக்காதே. நான் வரும் வழியெல்லாம் அழுதுகொண்டுதான் வந்தேன். திங்கட்கிழமை மறுபடி போகிறேன். யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து நிற்பேன். சுட்டி நன்றாகத் தின்கிறாள். அதைப் பார்த்தால்தான் பயமாக இருக்கிறது.

உன் வாயாடி


அக்டோபர் 5

என் செல்லத்துக்கு,

புழு மருந்தை வாசித்துச் சிரித்தேன், அப்புறம் அழுதேன். இப்போதெல்லாம் எனக்கு இரண்டும் அடுத்தடுத்து வருகிறது. ஏன் என்று சொல்கிறேன். சித்தியிடம்கூட இன்னும் சொல்லவில்லை. நீ சித்தியாகப் போகிறாய். மூன்று மாதம் முடிந்துவிட்டது.

நீ திங்கட்கிழமை போனாயா என்று தெரியவில்லை. போயிருந்தால் சரி, நடந்தது நடந்ததுதான். போகவில்லை என்றால் போகாதே. என்னால் முடியவில்லை. நேற்று இரவெல்லாம் யோசித்தேன். என் வயிற்றில் இதை வைத்துக்கொண்டு, அங்கே சுட்டியின் வயிற்றில் இருப்பதற்கு ஊசி போடு என்று என்னால் சொல்ல முடியவில்லை. போன மாதம் அப்படி எழுதிய கையே இதுதான். முட்டாள்தனம் என்று தெரிகிறது. இருந்தாலும் வேண்டாம்.

அவளை நன்றாகப் பார்த்துக்கொள். ரொம்பவும் தீவனம் போட்டுக் குட்டியைப் பெருக்கவிடாதே. நடக்கவிடு. எல்லாம் நல்லபடியாக நடக்கும்.

அக்கா


அக்டோபர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சித்தி. இந்த வாக்கியத்தை எழுதிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். சித்தப்பாவிடம் நானே சொன்னேன், கடைக்குப் போய், எல்லோர் முன்னாலும். நம்புவாயா? அவர் ஒரு லாரிக்காரருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார், கேட்ட சந்தோஷத்தில் அடித்துக்கொண்டே இருந்தார். லாரிக்காரர்தான் கத்தி நிறுத்தினார்.

நான் அந்தத் திங்கட்கிழமை போகவில்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டிருந்தேன். அதற்குள் உன் கடிதம் வந்தது. வாசித்ததும் உனக்காகச் சந்தோஷப்பட்டேன். ஆனால் அதற்கும் முன்னால், இனி டாக்டரிடம் போக வேண்டாம் என்று ஒரு நிம்மதி வந்தது. எது முதலில் வந்தது என்பதை உன்னிடம் மறைக்க எனக்குப் பிடிக்கவில்லை. அதை நினைத்து நினைத்து இரண்டு நாள் சாப்பிடப் பிடிக்கவில்லை.

சுட்டியைத் தினம் குளக்கரைவரை நடத்திக் கூட்டிப்போகிறேன். கிழவி உடன் வருகிறாள். கிழவியின் வயிறு எப்போதும்போல இரண்டு பக்கமும் மூட்டை கட்டிய மாதிரி இருக்கிறது. சுட்டிக்கு வயிறு இன்னும் தெரியவில்லை.

நீ உடம்பைப் பார்த்துக்கொள். மாடிப்படியில் மெதுவாக இறங்கு.

அன்புடன்,
சித்தி (வாயாடிதான்)


ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். குட்டிகள் வர ஆரம்பித்துவிட்டன. ஒன்றொன்றாகச் சொல்கிறேன்.

வெள்ளைக்காதுக்கு ஒரு கிடாக்குட்டி. பிறந்ததும் எழுந்து நின்றது, நின்றதும் தன் கால் நீளத்தைப் பார்த்துத் தானே மிரண்டு விழுந்தது. கொம்புக்காரிக்கு ஒரு பெட்டைக்குட்டி, பின்னங்கால் இரண்டும் வெள்ளை, காலுறை போட்ட மாதிரி. நொண்டிக்கு ஈன ஒரு பகல் முழுவதும் ஆனது, ஆனால் தானே ஈன்றுவிட்டாள், இரட்டை. அதில் சின்னதை நான் துணியில் சுற்றி அடுப்பருகே வைத்திருந்தேன், இப்போது சித்தியின் காலைச் சுற்றிச் சுற்றி வருகிறது. சித்தி திட்டுகிறாள், ஆனால் நகர்த்துவதில்லை. கிழவிக்கு முதலில் சேர்ந்தது நிற்கவில்லை, மறுபடி சிவந்து இப்போதுதான் ஈன்றாள், பாவம், குட்டி இறந்தே பிறந்தது. முதல் நாள் அது கிடந்த இடத்தை விட்டு அவள் நகரவில்லை, மண்ணை மோந்துகொண்டே நின்றாள். இப்போது பரவாயில்லை. பால் நன்றாகக் கொடுக்கிறாள், குட்டி குடிக்கும்போது வாலை ஆட்டுகிற வேகத்தைப் பார்க்க வேண்டும்.

சித்தப்பா எல்லாக் குட்டிகளையும் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது குட்டியா, கன்னுக்குட்டியா" என்றார். மந்தையை விற்கிற பேச்சே இல்லை. நீ சொன்னதுதான் சரி.

சுட்டி நன்றாக இருக்கிறாள்.

நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
வாயாடி


பிப்ரவரி 14

என் வாயாடிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூன்று தடவை வாசித்தேன்.

இங்கே டாக்டரம்மா வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, குழந்தை பெரிதாக இருக்கிறது என்கிறார். பின்னே, உன் அத்தான் கதவு நிலையில் குனிந்துதானே வருகிறார். நான் எவ்வளவு உயரம் என்று உனக்குத் தெரியும். நெட்டைக்கால் இனத்தைக் கட்டிக்கொண்ட நாட்டு ஆடு நான். உன் அத்தானிடம் இதைச் சொன்னேன், அவருக்கு முழுதாகப் புரியவில்லை. புரியாததும் நல்லதுதான்.

பயப்படாதே. இங்கே ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது.

சுட்டிக்கு என்ன குட்டி? எழுதவே இல்லையே.

அக்கா


பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

சுட்டிக்குப் பெட்டைக்குட்டி. நெற்றியில் அவளுடைய அதே வெள்ளைப் புள்ளி. நீண்ட கால். துறுதுறு என்று ஓடுகிறது.

சுட்டி நன்றாக இருக்கிறாள்.

நீ எதையும் யோசிக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு. வலி வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. பக்கத்தில்தானே என்று கொஞ்சம்கூடக் காத்திருக்காதே. யார் என்ன நினைப்பார்கள் என்று பார்க்காதே. உடனே போ. அத்தானிடமும் இதைச் சொல்.

உன் தங்கை


மார்ச் 22

என் செல்லத்துக்கு,

பெண் குழந்தை. ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். பெரிய தலை, அத்தான் ஜாடை. நாங்கள் இருவரும் நலம். தையல் இழுக்கிறது, சிரித்தால் வலிக்கிறது, ஆகையால் வேடிக்கையாக எதுவும் எழுதாதே.

இனி நீ என்னிடம் மறைக்க வேண்டியதில்லை. சுட்டி இல்லை, அப்படித்தானே?

எனக்கு ஜனவரிக் கடிதத்திலேயே தெரிந்துவிட்டது. கால்நுனி வெள்ளையாக இருக்கிற குட்டிக்குக்கூட நாலு வரி எழுதுகிறவள் நீ. என் சுட்டிக்கு ஒரே வரி. கிழவிக்குக் குட்டி இறந்து பிறந்தது என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே கிழவியிடம் ஒரு குட்டி பால் குடிக்கிறது என்கிறாய். அது யார் குட்டி? உனக்குப் பொய் சொல்ல வராது. நான் பயந்துவிடுவேன் என்றுதான் மறைத்தாய் என்று தெரியும். அதனால்தான் நானும் நம்பின மாதிரி இருந்தேன்.

நான் சொல்வதைக் கேள். இதில் உன் தப்பு ஒன்றும் இல்லை. வெள்ளையை எடு என்று சொன்னது நான். ஊசி வேண்டாம் என்று சொன்னதும் நான். என் வயிற்றை நினைத்துக்கொண்டு அவள் வயிற்றை விட்டுவிட்டேன். அப்பா போன பிறகு ஆடு மேய்க்க ஆள் வேண்டும் என்று உன்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியதும் நான்தான். குழந்தைக்குப் பால் கொடுக்கும்போதெல்லாம் இதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். எல்லாம் என் கணக்கிலேயே இருக்கட்டும். நீ சுமக்காதே.

அக்கா


ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

பாப்பாவுக்கு என் முத்தங்கள். அத்தான் ஜாடை என்றால் பரவாயில்லை, குரல் மட்டும் உன்னுடையதாக இருக்கட்டும்.

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. முதலில் வாசித்தபோது மனது லேசாகிவிட்டது. அக்காவே சொல்லிவிட்டாள், இதோடு விட்டுவிடலாம் என்று நினைத்தேன். நன்றி என்று ஒரு வரி எழுதி மடித்தும் வைத்தேன். ஆனால் நீ பால் கொடுக்கும்போதெல்லாம் இதை நினைக்கிறாய் என்று எழுதியிருக்கிறாயே. அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நீ எடுத்துக்கொண்டது உன்னுடையது இல்லை. திருப்பிக் கொடு.

அன்று காலையில் சுட்டிக்கு வலி வந்தது. பனிக்குடம் உடைந்து இரண்டு முன்னங்கால் குளம்பும் மூக்கும் தெரிந்தன. குட்டி சரியான திசையில்தான் இருந்தது. தலைதான் வரவில்லை. சோப்புப் போட்டுக் கையை விட்டுப் பார்த்தேன், குட்டியின் நெற்றி அவள் இடுப்பெலும்பில் இறுகி நின்றது. டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. நன்றாகவே தெரிந்தது.

கடைக்கு ஓடினேன். சித்தப்பா டியூப் வாங்க வெளியே போயிருந்தார், சித்தியும் வீட்டில் இல்லை. கடையில் இரண்டு லாரி நின்றது, பெஞ்ச் நிறைய ஆட்கள். போன் அவர்களுக்குப் பின்னால் மேசைமேல் இருந்தது. என் கையெல்லாம் ரத்தமும் சோப்பும். பாவாடையில் துடைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். ஒருவர் பார்த்துவிட்டு, "என்ன பாப்பா, எந்த டயருக்குக் காத்து?" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என் கையைக்கூட அவர் கவனிக்கவில்லை. நான் போனைப் பார்த்தேன், அவர்களைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

திரும்பி வந்துவிட்டேன் அக்கா.

இன்னும் ஒரு தடவை நானே முயன்று பார்க்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இழுத்தேன். விட்டேன். எண்ணெய் தடவி இழுத்தேன். சுட்டி முதலில் கத்தினாள், அப்புறம் கத்தவில்லை. தலையைத் திருப்பி என் தோளில் வைத்துக்கொண்டாள். அவள் கத்துவதை நிறுத்திய பிறகுதான் எனக்கு வேறு பயம் வந்தது. மறுபடி ஓடினேன். இந்தத் தடவை யாரையும் பார்க்கவில்லை. நேராக நடந்து போய்ப் போனை எடுத்தேன். டாக்டரிடம், "ஆடு சாகுது சார், சீக்கிரம் வாங்க" என்றேன். முதலில் காற்று பற்றிக் கேட்டவர்தான் அவருடைய லாரியில் போய் டாக்டரைக் கூட்டிவந்தார். நான் முதலில் போனபோதே கேட்டிருந்தால் அப்போதே போயிருப்பார்.

டாக்டர் குட்டியை எடுத்துவிட்டார். உயிரோடு. சுட்டிக்கு ரத்தம் நிற்கவில்லை. அவள் குட்டியை நக்கிவிட ஆரம்பித்தாள், பாதி முதுகுவரை நக்கினாள். அவ்வளவுதான்.

டாக்டர் வாளியில் கை கழுவிக்கொண்டே, "இன்னும் கொஞ்சம் முன்னாடி கூப்பிட்டிருந்தா தாயையும் காப்பாத்தியிருக்கலாம்மா" என்றார். திட்டவில்லை. சும்மா சொன்னார்.

ஆகையால் அவள் இறந்தது நீ வேண்டாம் என்று சொன்ன ஊசியால் இல்லை. வெள்ளைக் கிடாவாலும் முழுக்க இல்லை. வீட்டுக்கும் கடைக்கும் நடுவில் இருக்கிற அந்தக் கொஞ்ச தூரத்தில்தான். அங்கே நீ இல்லை, நான் மட்டும்தான் இருந்தேன். உனக்காகத்தான் மறைத்தேன் என்று நீ நினைக்கிறாய். பாதி அதுதான். மீதிப் பாதி, இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. நான் பள்ளிக்கூடத்தை விட்டது ஆடு மேய்க்க இல்லை. வாத்தியார் தினமும் என்னை எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார். நீ ஆடு மேய்க்க ஆள் இல்லையே என்று ஒரு நாள் கவலைப்பட்டாய். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். அதையும் உன் கணக்கிலிருந்து எடுத்துவிடு.

குட்டியைப் பற்றிக் கேட்டிருந்தாய். கிழவிக்கு இறந்து பிறந்த குட்டியை நான் அப்போது இன்னும் புதைத்திருக்கவில்லை. அதன் தோலை உரித்துச் சுட்டியின் குட்டிக்குச் சட்டை மாதிரி போட்டுவிடச் சொன்னார் டாக்டர். தாய் ஆடு கண்ணால் பார்த்து நம்பாது, மோந்துதான் நம்பும் என்றார். கால் நுழைய நாலு ஓட்டை போட்டு, வயிற்றின் கீழே நூலால் தைத்தேன். கொண்டுபோய் விட்டதும் கிழவி வாலருகே மோந்தாள். ஒரு சத்தம் கொடுத்தாள் பார், குட்டி கிடைத்துவிட்டது என்கிற சத்தம். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதே ராத்திரிதான் உனக்கு அந்த ஜனவரிக் கடிதத்தை எழுதினேன்.

சில நாளில் தோல் நாற ஆரம்பித்துவிட்டது. எடுத்தே ஆக வேண்டும். நூலை வெட்டி உருவிவிட்டு, பால் புட்டியைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு ஓரமாக நின்றேன். கிழவி வந்து மோந்தாள். தலையைத் தூக்கினாள். என்னைப் பார்த்தாள். குட்டியை விட்டு விலகிப் போய்ச் சுவரோரம் நின்றாள். குட்டி நடுவில் தனியாக நின்று கத்தியது. நான் புட்டியோடு குனிந்தபோது கிழவி திரும்பி வந்தாள். மறுபடி மோந்தாள். பின்னங்காலை அகட்டி வைத்தாள். குட்டி உள்ளே புகுந்துகொண்டது.

இந்த வருடம் கறுப்புமுகம்தான். நேற்று நானே பண்ணைக்குப் போனேன். அங்கே ஆறேழு பேர் நின்றிருந்தார்கள். "பிறக்கும்போது குட்டி என்ன எடை இருக்கும்?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பண்ணைக்காரர் பதில் சொன்னார். வேறு யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை அக்கா. இதற்காகவா நான் அன்று அவ்வளவு பயந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாயா? யார் இருந்தாலும் நான் வந்து எடுக்கிறேன். திட்டுவதாக இருந்தாலும் போன் செய். நான் "ம்" மட்டும் சொல்லமாட்டேன்.

உன் தங்கை